வடிகுழாய்: சொல்லும் பொருளும்

'மூளையில் நீர்' என்றதும், குடித்த நீரே தலைக்கேறியது எனச் சிலர் மயங்குவர். அந்நீர் மூளையறைகளிலேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரந்து, குருதியில் கலப்பது. காசநோய் மூளையுறையைத் தாக்கினால், மூளையடியில் படியும் தடித்த கசிவு அந்நீரின் வழியை அடைக்கும்; தேங்கிய நீர் மூளையை அழுத்தும்.

அறுவை மருத்துவர், தோலுக்கடியில் செல்லும் மெல்லிய குழாய்வழி அதனை வயிற்றறைக்குள் வடியச் செய்வர். அல்லது உள்நோக்கியின் துணையால் மூன்றாம் மூளையறையின் அடித்தளத்தில் துளையிட்டுப் புதுவழி அமைப்பர். 1991இல் வேலூர் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு நோயாளரை நான்கு படிநிலைகளாக வகுத்தது. நினைவு தெளிந்த முதற்படியினர்க்குப் பயன் மிகுதி. ஆழ்ந்த மயக்கமுற்ற நான்காம் படியினர்க்கு மிகக் குறைவு. ஆதலின் காலந்தாழ்த்தலாகாது.

'வடிகுழாய்' என்னும் சொல் தன் எல்லையையும் உணர்த்துகிறது. அது நீரை வடிக்கும். கிருமியை அழிப்பது மருந்தே. இதனை உணர்ந்த குடும்பம் மருந்தை இடையில் நிறுத்தாது.