நடந்தால் வலி, நின்றால் நிம்மதி... காலுக்குள் உருவாகும் இயற்கை 'பைபாஸ்'!

திண்டுக்கல் கடைவீதியில் பத்துக் கடை தாண்டுவதற்குள் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. ஓரமாக நின்றால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் அதே வலி. 'வயசாகிடுச்சு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், இது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டுவருவதன் அறிகுறியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் ஆறாத புண், கறுத்துப்போகும் விரல் என்று காலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம்.

நல்லவேளையாக, இதற்கு மாற்றுவழி போடும் வேலையை உடம்பே தொடங்கிவிடுகிறது.

வாய்க்கால் கணக்கு

பெரிய வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் பக்கத்துச் சின்ன ஓடைகளில் பாயும். பாயப் பாய கரை அரித்து ஓடை அகலமாகும். நம் உடம்பிலும் பெரிய தமனிகளை இணைக்கும் மெல்லிய குழாய்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பாதை அடைபடும்போது ரத்தம் அவற்றின் வழியாக வேகமெடுக்கிறது. ஓடை அரிபட்டு அகலமாகிறது. ரத்தக்குழாயோ வளர்ந்து அகலமாகிறது. அதுதான் வித்தியாசம்.

ரத்தம் உரசிச் செல்லும் விசையைக் குழாயின் உட்சுவர் செல்கள் உணர்கின்றன. உடனே நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. 'எம்.சி.பி-1' என்ற புரதத்தை அனுப்பி, மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களை உதவிக்கு அழைக்கின்றன. அவை சுவரில் ஒட்டி, உள்ளே நுழைந்து, வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன. தசைச் செல்கள் பெருக, மெல்லிய குழாய் சில வாரங்களில் உறுதியான தமனியாகிறது. ஜெர்மனியின் பாத் நௌஹைம் நகரில் வொல்ஃப்காங் ஷாப்பர் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது.

ஊசி போட்டால் போதாதா?

அதையும் முயன்று பார்த்தார்கள். வளர்ச்சிக் காரணிக்கான மரபணுவை ஊசியாகச் செலுத்தும் பெரிய சோதனை 30 நாடுகளில் 525 நோயாளிகளிடம் நடந்தது. 2011-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. கால் இழப்பு குறையவில்லை.

திண்டுக்கல் சுருட்டு

ஒருகாலத்தில் சுருட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். பக்கத்து வேடசந்தூரில் புகையிலைக்கென்றே தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் புகையிலைதான் ரத்தக்குழாய்க்கு முதல் எதிரி. உட்சுவர் செல்களைக் கெடுத்து, வளர்ச்சிக்கான சமிக்ஞையையே மங்கச் செய்கிறது. 1908-ல் லியோ பர்கர் விவரித்த 'பர்கர் நோய்' புகையிலைப் பழக்கம் உள்ளவர்களை, அதுவும் இளம் வயதிலேயே தாக்குகிறது. பழக்கத்தை அடியோடு விட்டவர்களுக்குப் பெரும்பாலும் கால் தப்புகிறது.

கட்டுப்படாத சர்க்கரையும் இந்த வளர்ச்சிக்குத் தடைதான்.

நடையே மருந்து

டாக்டரின் ஆலோசனையோடு, வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதுதான் பயிற்சி. வாரம் மூன்று நாளாவது, 30 முதல் 45 நிமிடங்கள். 12 வாரங்களில் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும். ரத்த ஓட்டம் கூடும்போது பக்கக்குழாய்களுக்குத் தூண்டுதல் கிடைக்கிறது. தசையும் ஆக்ஸிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுகிறது. புண் இருந்தாலோ, ஓய்விலும் வலித்தாலோ நடைப்பயிற்சி கூடாது. முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பக்கக்குழாய் வளர வாரங்கள் வேண்டும். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்தால் அதற்கு நேரமில்லை. சில மணி நேரத் தாமதமே காலைப் பறித்துவிடலாம். தைலத்தைத் தேடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்!