பெட்டைக்கோழி ஏன் கூவுகிறது?

சேவல் கூவினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெட்டைக்கோழி கூவினால்? வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி, அன்றைக்கே அதை அறுத்துக் குழம்பு வைத்துவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பாவம் அந்தக் கோழி! அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன்மேல் கத்தி வைக்க உங்களுக்கு மனசே வராது.

இந்தப் பயம் நம்மிடம் மட்டும் இருந்ததில்லை. இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரில், 1474-ஆம் ஆண்டு, ஒரு சேவல் முட்டையிட்டது என்று குற்றம் சாட்டி, முட்டையோடு சேர்த்து அதை எரித்தார்கள். சேவல் இட்ட முட்டையிலிருந்து, பார்வையாலேயே ஆளைக் கொல்லும் விஷப்பிராணி பிறக்கும் என்று நம்பிய காலம் அது. சேவல் முட்டையிடாது. அப்படியானால் அது சேவல் உருவம் எடுத்திருந்த ஒரு பெட்டையாக இருந்திருக்கலாம்.

பெட்டை எப்படிச் சேவல் உருவம் எடுக்கும்? முட்டையின் மஞ்சள் கரு உருவாகும் உறுப்புக்கு அண்டகம் என்று பெயர். கோழிக்கு இடப்பக்கத்து அண்டகம் மட்டும்தான் வேலை செய்கிறது. வலப்பக்கத்தில் இருப்பது, முட்டைக்குள் இருக்கும்போதே வளர்ச்சி நின்றுபோய், சின்னத் துணுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். இடது அண்டகம் முட்டை தருவதோடு நிற்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. பெட்டையின் தோற்றம் பெரும்பாலும் அந்த ஹார்மோனின் கையில்தான் இருக்கிறது.

இறகுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் கழுத்திறகுகளைப் பொறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டையின் இறகு குட்டையாக, நுனி உருண்டிருக்கும். சேவலின் இறகு நீண்டு, நுனி கூர்ந்து, ஓரத்து இழைகள் ஒன்றோடொன்று பின்னாமல் தனித்தனியாகத் தொங்கும், வெயிலில் மினுங்கும். ஆண் ஹார்மோன் இருப்பதால்தான் சேவலுக்கு இந்த அழகு என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! ஈஸ்ட்ரோஜன் தடுக்காவிட்டால் எந்தக் கோழிக்கும் முளைப்பது சேவல் இறகுதான். கொண்டை பெரிதாகிச் சிவப்பதற்குத்தான் ஆண் ஹார்மோன் வேண்டும்.

இப்போது ஒரு பெட்டையின் இடது அண்டகத்தில் கட்டியோ நோயோ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முட்டை நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும். இத்தனை நாளாகச் சும்மா கிடந்த வலப்பக்கத்துத் துணுக்கு விழித்துக்கொள்ளும். ஆனால் அது அண்டகமாக வளராது. ஆண் விலங்குகளின் விந்தகத்தைப் போலவோ, இரண்டும் கலந்தோ வளர்ந்து, ஆண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். கொண்டையும் தாடியும் பெருக்கும். ஒருநாள் கழுத்தை நீட்டிக் கூவும்! இறகு மட்டும் உடனே மாறாது. முளைத்து முடிந்த இறகு, நம் நகத்தைப் போல, உயிரில்லாதது. பழசு உதிர்ந்து புதுசு முளைக்கும்போதுதான் மாற்றம் தெரியும். அதனால் சில காலம் அந்தக் கோழி பாதி பெட்டையாகவும் பாதி சேவலாகவும் தெரியும்.

இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆராய்ச்சி செய்த பிரான்சிஸ் குரூ ஒரு சான்று தந்தார். முட்டையிட்டுக் குஞ்சும் வளர்த்த ஓர் ஆர்ப்பிங்டன் பெட்டை, பிறகு சேவலாக மாறி, இரண்டு குஞ்சுகளுக்கு அப்பாவும் ஆனது என்று 1923-இல் அவர் எழுதினார். அதன் அண்டகம் நோயால் அழிந்திருந்தது. இவ்வளவு முழுமையான மாற்றம் மிக மிக அபூர்வம். பெரும்பாலான கோழிகள் கூவுவதோடு சரி.

இத்தனை மாறினாலும் ஒன்று மாறாது. மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என இருவகைக் குரோமோசோம்கள்; கோழியிலோ பெட்டைக்குத்தான் இருவகை: இசட், டபிள்யூ. சேவலுக்கு இரண்டும் இசட். கூவும் பெட்டையின் செல்களில் அந்த டபிள்யூ அப்படியே இருக்கும்.

அது வெறும் அடையாளச் சீட்டு இல்லை. எடின்பரோ அருகே உள்ள ராஸ்லின் ஆய்வு நிலையத்தார், உடம்பின் ஒரு பக்கம் சேவலும் மறுபக்கம் பெட்டையுமாகப் பிறந்த கோழிகளை ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் வெள்ளை இறகு, பெரிய தாடி, தடித்த மார்பு. மறுபக்கம் பழுப்பு இறகு, சின்ன உடல். இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே ரத்தம், அதில் ஒரே ஹார்மோன்கள். ஆனாலும் சேவல் பக்கத்தில் பெரும்பாலும் சேவல் செல்கள், பெட்டைப் பக்கத்தில் பெரும்பாலும் பெட்டைச் செல்கள். கோழியின் ஒவ்வொரு செல்லுக்கும் தான் யார் என்பது ஓரளவு தெரிந்திருக்கிறது. எனக்கு இதைவிட ஆச்சரியமான கோழிக்கதை வேறு தெரியாது.

பெட்டைக்குச் சேவல் இறகு முளைப்பதற்குத் தலைகீழாக, செப்ரைட் என்ற குட்டை இனத்தில் சேவலுக்கே பெட்டை இறகுதான் முளைக்கும். அதன் தோல், ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. மற்றபடி அது முழுச் சேவல். கூவும், சண்டை போடும்.

உங்கள் வீட்டுப் பெட்டை கூவினால் முதலில் அதன் வயதைக் கேளுங்கள். இளசு என்றால், பெட்டை என்று நினைத்து வளர்த்த சேவலாகவே இருக்கலாம். வளர்ந்த பெட்டை, முட்டையும் இடுகிறது என்றால் கூட்டத்தில் சேவல் இருக்கிறதா என்று பாருங்கள். சேவல் இல்லாத கூட்டத்தில் தலைவியாக இருக்கும் பெட்டை சில சமயம் கூவும். அதன் அண்டகத்துக்கு ஒரு குறையும் இருக்காது. முட்டை நின்று, கொண்டையும் பெருத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அண்டகம் தேறிக்கொண்டால், அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது பழையபடி உருண்டை நுனி இறகுகளே வரக்கூடும்.