உற்பத்தியாளர் குழுவின் இணையதளம்: தகவல் பழசாகாமல் காப்பது எப்படி?

திருப்பூர் மாவட்டத்தில் நொய்யல் ஆற்றை ஒட்டிய சாமளாபுரம் விசைத்தறித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. எனினும் இவ்வட்டாரத்தில் தென்னை சாகுபடியும் உண்டு. நாடெங்கும் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020-ல் தொடங்கியது. இத்தகைய குழுக்கள் தேங்காய் விலை, கொப்பரை இருப்பு, பயிர்ப் பாதுகாப்பு யோசனை ஆகியவற்றை இணையதளம் மூலம் தெரிவிக்கலாம். வேர்ட்பிரஸ் போன்ற சாதனங்களால் தளம் அமைப்பது இன்று எளிது. அதிலுள்ள தகவலை அவ்வப்போது திருத்தி வைப்பதே கடினம்.

பழைய தகவலால் வரும் கேடு

விலை பழசாக இருந்தால் வியாபாரியிடம் குழுவின் பெயர் கெடும். மருந்து பற்றிய யோசனை பழசாக இருந்தால் தோப்பே கெடும். எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை விதித்தது. அதற்கு முன் எழுதிய சிபாரிசு தளத்தில் நீக்கப்படாமல் கிடந்தால், படிப்பவர் அதை இன்றைய யோசனை என்றே கொள்வார்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்டது. இதன் குஞ்சுகளை என்கார்சியா என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி அழிக்கிறது. வெள்ளை ஈக்கென்று பொதுவாக எழுதப்பட்ட பழைய குறிப்பைப் பார்த்து இரசாயன மருந்து தெளித்தால், குளவி மடிந்து ஈ பெருகும்.

தவறு நேரும் இடம்

பெரும்பாலான குழுக்களில் திட்டம் ஓரிடத்திலும் தளம் வேறிடத்திலும் இருக்கும். விலையும் இருப்பும் கூகுள் ஷீட்ஸ் அட்டவணையில் குறிக்கப்படும். பிறகு ஒருவர் அதைத் தளத்தில் ஏற்றுவார். அட்டவணையில் மாற்றியதைத் தளத்தில் மாற்ற மறப்பது ஒரு வகைத் தவறு. அவசரத்தில் தளத்தில் மட்டும் திருத்திவிட்டு அட்டவணையை அப்படியே விடுவது மற்றொரு வகை. அடுத்த முறை ஏற்றும்போது பழைய பிழை திரும்ப வந்துவிடும்.

அட்டவணை நாற்றங்கால் போன்றது. தளம் நடவு வயல் போன்றது. நாற்று ஒரு திசையில்தான் செல்ல வேண்டும்.

செய்முறை

1. எந்தத் திருத்தமும் முதலில் அட்டவணையில் செய்யப்பட வேண்டும். அதன் பிறகே தளத்தில் ஏற்றலாம்.

2. அட்டவணையில் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு வரி ஒதுக்கி, பொறுப்பாளர், கடைசியாகச் சரிபார்த்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றை எழுத வேண்டும். வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் அறிவுரை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளிவருகிறது; அதன் முன்னறிவிப்பு 5 நாட்களுக்கே உரியது. எனவே பழைய அறிவுரையை உடனுக்குடன் நீக்குதல் அவசியம்.

3. விலை, இருப்பு போன்ற எண்களுக்கு ஷீட்ஸில் உள்ள ‘இணையத்தில் வெளியிடு’ வசதியைப் பயன்படுத்தலாம். அட்டவணையில் மாற்றினால் சில நிமிடங்களில் தளத்திலும் மாறும். ஆனால் அவ்வாறு வெளியிடும் தாளை எவரும் பார்க்க இயலும். உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு, தொலைபேசி எண்களை அதில் வைக்கலாகாது.

4. மருந்து, உரம் பற்றிய யோசனைகளைத் தானாக ஏறும்படி விடக் கூடாது. வேர்ட்பிரஸில் ‘பங்களிப்பாளர்’ எழுதலாம், வெளியிட இயலாது; ‘ஆசிரியர்’ பொறுப்பிலுள்ளவர் சரிபார்த்து வெளியிடலாம். எழுதுபவருக்கு முதல் பொறுப்பையும், வேளாண்மை அலுவலரைக் கலந்து முடிவு செய்பவருக்கு இரண்டாவதையும் கொடுக்க வேண்டும்.

5. வெளியிட்டபின் வேறொருவர் கைபேசியில் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நம் கணினியில் புதியது தெரியும்போதே, பிறருக்குச் சேமிப்பிலுள்ள பழைய பிரதி தெரிவதுண்டு.

6. விலைப் பட்டியலைப் படமாக வெளியிட்டால் படத்திற்குள்ளேயே தேதி இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தைத் திரும்பப் பெற முடியாது.

வாரம் ஒரு நாள்

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி, காலாவதி நாள் கடந்த வரிகளை மட்டும் பார்த்தால் போதுமானது. சரிபார்க்க ஆளில்லாத பக்கத்தை நீக்கிவிடுதல் நலம். பக்கங்கள் குறைவாக இருந்தாலும் அனைத்தும் சரியாக இருக்குமானால், உறுப்பினர்கள் அத்தளத்தை நம்பித் தம் தோப்பில் கடைப்பிடித்துப் பயனடையலாம்.