முதல் காரின் முதல் நெடும்பயணம்

புதிதாகக் கார் வாங்கிய வீட்டில் முதல் வாரம் முழுவதும் புகழ்மாலைதான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, வண்டி ஊருக்குள் நாலு சுற்றுச் சுற்றியதும், "தேர் மாதிரி ஓடுகிறது!" என்பார்கள். ஆனால் காரின் குணம் தெரிவது 100 கிலோமீட்டர் போய்த் திரும்பிய பிறகுதான். பெட்ரோல் காரின் வரலாறே இதற்குச் சாட்சி.

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் என்ற என்ஜினீயர் 1886-ல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி ஓடியது, வாங்கத்தான் ஆள் இல்லை. கலியாணத்துக்கு முன்பே தம் சீதனப் பணத்தை அவர் தொழிலில் போட்டிருந்தவர் மனைவி பெர்த்தா. வண்டி விலைபோகாவிட்டால் அந்தப் பணமும் போனதுதான்!

சொல்லாமல் புறப்பட்டார்

1888 ஆகஸ்டில் ஒரு நாள் அதிகாலை, கணவரிடம் சொல்லாமல் அம்மையார் வண்டியைக் கிளப்பினார். உடன் வந்தவர்கள் 15 வயது யூஜன், 13 வயது ரிச்சர்டு என்ற இரு மகன்கள். போக வேண்டிய இடம் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தாய்வீடு, போர்ட்ஸ்ஹைம்.

வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், கறை போக்க விற்கும் லிக்ராயின் என்ற எண்ணெயை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டையைச் சுற்றிச் சமாளித்தார். என்ஜின் சூட்டைத் தணிக்க அடிக்கடி தண்ணீரும் ஊற்ற வேண்டியிருந்தது.

இரண்டு பெரிய குறைகள்

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். பெரிய குறைகள் இரண்டு.

ஏற்றத்தில் வண்டி திணறியது. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்திலோ பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்து பிடிக்கவில்லை. அம்மையார் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் போய்க் கட்டைமேல் தோல் அடிக்கச் சொன்னார்.

அந்தி சாய்ந்தபின் ஊர் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாளில் வண்டியிலேயே திரும்பினார். நடந்ததைக் கேட்ட கார்ல் பென்ஸ், மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியரைச் சேர்த்தார்.

நல்லூரிலிருந்து உதகைக்கு

திருப்பூர் நல்லூரிலிருந்து அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான். கல்லாறு தாண்டியதும் மலை தொடங்குகிறது. அங்கே காரை இழுத்துக்கொண்டு போவது கீழ் கியர். இறங்கும்போதும் அதே கியர்தான் காவல். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். கீழ் கியரில் இறங்கினால் என்ஜினே வேகத்தை அடக்கிக்கொள்ளும்.

முதல் பயணம் முடிந்து வந்ததும் காரைத் துடைத்து மூடிவிடாதீர்கள். ஏற்றத்தில் சூடு ஏறியதா? இறக்கத்தில் பிரேக் எப்படிப் பிடித்தது? புதுச் சத்தம் ஏதும் கேட்டதா? ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கூட வந்த வீட்டு அம்மாளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கார்ல் பென்ஸ் கேட்டதால்தான் இன்று கார்கள் மலை ஏறுகின்றன!