ஆணியும் ஒற்றுத்தாளும்

காகிதத்தில் காபியை வடிகட்டினால் காகிதம் கரைந்துவிடாதா என்று திருச்சி வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கரையாது. அந்த வடிகட்டியின் கதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் தொடங்குகிறது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசிக்குக் காபியின் மண்டியும் கசப்பும் பிடிக்கவில்லை. துணியில் வடிகட்டினால் துவைத்து மாளாது. ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டார். மகனுடைய நோட்டிலிருந்த, மையை ஒற்றியெடுக்கும் ஒற்றுத்தாளைக் கிழித்து அதன்மேல் விரித்தார். தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். தெளிந்த காபி இறங்கியது.

எழுதும் தாளாக இருந்தால் இது நடந்திருக்காது. மை ஊறிப் பரவாமலிருக்க அந்தத் தாளில் பசைப்பொருள் சேர்த்திருப்பார்கள். ஒற்றுத்தாளில் அது கிடையாது. நார்களுக்கு நடுவே நுண்ணிய சந்துகள் திறந்தே கிடக்கும். மைப்பேனா காலத்தில் ஒற்றுத்தாள் இல்லாத நாளில் சாக்பீஸை வைத்து மையை இழுப்போமே, அதுவும் இதே உறிஞ்சல்தான். மையைக் குடிக்கிற அந்தச் சந்துகள் காபியை வழியவிட்டு, மண்டியைப் பிடித்துக்கொண்டன. காபிக்கொட்டையின் எண்ணெயில் ரத்தக் கொழுப்பை ஏற்றும் கஃபெஸ்டால் என்ற பொருள் உண்டு. அதில் பெரும்பகுதியும் தாளிலேயே தங்கிவிடும். இது பின்னாளில் தெரியவந்த நன்மை.

மெலிட்டா அதோடு நிற்கவில்லை. 1908 ஜூன் 20 அன்று பெர்லின் காப்புரிமை அலுவலகத்தில் அவருடைய வடிகட்டி பதிவானது. டிசம்பரில் 73 ஃபென்னிக் சில்லறையை முதலாகப் போட்டு, வீட்டிலேயே நிறுவனம் தொடங்கினார். கணவரும் பிள்ளைகளும்தான் வேலையாட்கள். மறு ஆண்டே லைப்சிக் சந்தையில் 1,200 வடிகட்டிகள் விற்றன.

எங்கள் பாட்டியும் ஃபில்டரின் துளைகள்மேல் பழைய வேட்டித்துணியை வட்டமாக வெட்டிப் போடுவார். எவ்வளவு நைசாக அரைத்த தூளும் டிகாக்ஷனில் இறங்காது. அவர் போனபிறகு அந்த வழக்கமும் வீட்டில் போய்விட்டது. சமையலறையில் பெண்கள் கண்டுபிடிப்பதை 'கைப்பழக்கம்' என்று சொல்லி ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அது யோசித்து, செய்து பார்த்து, தவறினால் மாற்றிச் செய்த வேலை.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் அளவெடுத்துப் படம் வரைந்து, செய்தவர் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது.