பின்வளவுக்கு வரும் கயோட்டி: செல்லப்பிராணியைக் காக்கச் சட்டமும் வழியும்

2024-25 குளிர்காலத்தில் ரொறன்ரோவின் லிபர்ட்டி வில்லேஜ், ஃபோர்ட் யோர்க் பகுதிகளில் குடியிருந்தவர்கள் நாயோடு வெளியே இறங்கவே தயங்கினார்கள். கையில் லீஷ் பிடித்திருக்கும்போதே கயோட்டிகள் வந்து சிறிய நாய்களைக் கவ்வின. மாநகரசபை வல்லுநர்களை அழைத்து ஆராய்ந்தது. அருகிலிருந்த ஒன்ராறியோ பிளேஸ் வளாகத்தில் கட்டுமானத்துக்காக மரங்கள் அழிக்கப்பட்டதால் விலங்குகள் இடம்பெயர்ந்தன என்று அவர்கள் கண்டார்கள். குடியிருப்புகளுக்கிடையே அவற்றுக்குத் தீனியும் கிடைத்தது. துரத்திப் பயமுறுத்தும் முயற்சிகள் பலன் தராமற்போக, கடைசியில் இரண்டு கயோட்டிகள் கொல்லப்பட்டன.

அது நகர மையத்தில் நடந்தது. தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பகுதிகளில் கயோட்டி இன்னும் பழைய அயலவர். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவும் ஹைலண்ட் கிரீக் ஓடைக்கரைகளும் நம் வீட்டு வேலிகளுக்குப் பின்னாலேயே ஓடுகின்றன. அந்த ஓடைக்கரைகள்தான் கயோட்டியின் நெடுஞ்சாலைகள். நாயோ பூனையோ வளர்க்கும் வீட்டில் கயோட்டியைக் கண்டதும் முதலில் எழும் கேள்வி, "யாரிடம் சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குச் சட்டம் தரும் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால்தான் நம் கையில் இருக்கும் வழிகள் கண்ணில் படும்.

அபாயம் எவ்வளவு?

கயோட்டி நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. ஒன்ராறியோவில் இருப்பது ஓநாயின் இரத்தமும் கலந்த கிழக்குக் கயோட்டி; மேற்கில் உள்ளவற்றைவிட உடல் பெருத்தது. ஆனாலும் குளிர்கால அடர்ந்த மயிரில் தெரியும் அளவுக்கு அதன் எடை இருப்பதில்லை. பெரும்பாலானவை 20 கிலோவுக்குள்தான்.

மனிதரைப் பொறுத்தவரை ஆபத்து மிகக் குறைவு. கனடாவிலும் அமெரிக்காவிலும் சேர்த்துப் பதிவான மரணங்கள் இரண்டே: 1981இல் கலிபோர்னியாவில் ஒரு குழந்தை, 2009இல் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஓர் இளம் பாடகி. சிறு பிராணிகளின் கதை வேறு. சிட்சு, மல்ரீஸ், பொமரேனியன் போன்ற நாய்களும் வெளியே உலவும் பூனைகளும் அளவில் முயலை ஒத்தவை. கயோட்டியின் கண்ணுக்கு அவை இரை. பெரிய நாயை அது இரையாகப் பார்ப்பதில்லை. தன் எல்லைக்குள் வந்த போட்டியாளராகப் பார்க்கிறது.

சிக்காகோவைச் சூழ்ந்த குக் கவுன்ரியில் 2000ஆம் ஆண்டு முதல் ஸ்டான்லி கெர்ட் என்ற ஆய்வாளரின் குழு கயோட்டிகளைப் பின்தொடர்ந்து வருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எச்சங்களை அவர்கள் பிரித்துப் பார்த்தபோது எலியினங்கள், பழங்கள், மான், முயல் ஆகியவையே பெரும்பங்கு வகித்தன. பூனையின் தடயம் ஏறத்தாழ 1 சதவீதத்தில் மட்டுமே இருந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை செய்த ஆய்விலோ, நகர்ப்புற எச்சங்களில் ஐந்தில் ஒன்றில் பூனை இருந்தது. இரண்டு இடத்திலும் விலங்கு ஒன்றுதான். எது எளிதில் கிடைக்கிறதோ அதைத் தின்கிறது. ஆகவே உங்கள் தெருவில் அபாயம் எவ்வளவு என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, தெருவில் என்ன கிடைக்கிறது என்பதே.

பகலில் கண்டால் விசர் பிடித்தது என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு. மனித நடமாட்டத்தைத் தவிர்க்கவே நகரத்துக் கயோட்டி இரவை நாடுகிறது. பகலில் வருவது மட்டும் நோயின் அறிகுறி ஆகாது. தள்ளாடுவது, காரணமின்றி மூர்க்கமாகப் பாய்வது, மயிர் உதிர்ந்து தோல் தெரிவது போன்றவைதான் நோய்க்கான அடையாளங்கள்.

ஏன் பிடித்துக்கொண்டு போவதில்லை?

ஒன்ராறியோவின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளின்படி, பிடித்த காட்டு விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே விடவேண்டும். தொலைதூரக் காட்டில் கொண்டுபோய் விடுவது நோயைப் பரப்பும். பழகாத நிலத்தில் அந்த விலங்கும் பிழைப்பது அரிது. கலிபோர்னியாவிலும் அரசின் அனுமதியின்றி இடம் மாற்றுவது குற்றம்.

கொன்றுவிட்டால்? சொந்த நிலத்தில் தன் உடைமைக்குச் சேதம் செய்யும் விலங்குக்கு எதிராக நடவடிக்கை எடுக்க ஒன்ராறியோ சட்டம் நிலச் சொந்தக்காரருக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த உரிமை வரம்பற்றது அல்ல. மாநகருக்குள் துப்பாக்கி சுட முடியாது. வனவிலங்குக்கு நஞ்சு வைக்கவும் சட்டம் இடம் தருவதில்லை. வைத்த நஞ்சை முதலில் தின்னப்போவது அயல் வீட்டு நாயாகவும் இருக்கலாம். பொறி வைப்பதானால் அதற்கு உரிமம் பெற்றவர்களை அமர்த்துவதே நல்லது.

கொல்வதால் எண்ணிக்கையும் குறைவதில்லை. அமெரிக்க அரசின் வனவிலங்குச் சேவை ஆண்டுதோறும் பல்லாயிரம் கயோட்டிகளைக் கொல்கிறது. ஆனாலும் ஒரு காலத்தில் பெரும்பாலும் மேற்கில் மட்டும் வாழ்ந்த இந்த விலங்கு இன்று அட்லாண்டிக் கரைவரை பரவிவிட்டது. ஒரு சோடி போனால் அந்த வெற்றிடத்துக்கு இளம் கயோட்டிகள் வந்து சேரும். தீனி அங்கேயே இருந்தால் அவையும் அதே வளவுக்குத்தான் வரும்.

சட்டம் நம்மிடம் கேட்பது

ரொறன்ரோவில் 2023 ஏப்ரல் முதல் வனவிலங்குகளுக்கு உணவு வைப்பது தடை. பொது இடத்துக்கு மட்டுமல்ல, சொந்த வளவுக்கும் இது பொருந்தும். நிலத்திலிருந்து உயரத்தில், சுத்தமாக வைக்கப்பட்ட பறவைத் தீனிக்கூடு போன்ற சில விதிவிலக்குகளே உண்டு.

இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். விரத நாளில் காகத்துக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாத பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். மிஞ்சிய சோற்றை அணிலுக்காகப் பின்வளவில் கொட்டும் பழக்கமும் உண்டு. இங்கே அந்தச் சோறு காகத்தோடு நிற்பதில்லை. அணிலும் எலியும் ரக்கூனும் வரும். அவற்றைத் தேடிக் கயோட்டி வரும். படையலை வீட்டுக்குள் சாமிப் படத்தின் முன் முடித்துக்கொள்வதே வழி. அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் காரணத்தைச் சொல்லிப் பேசினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

நாயை லீஷில் கொண்டுபோகவேண்டும். லீஷின் நீளம் 2 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது மாநகர விதி. இழுக்க இழுக்க நீளும் வகை லீஷ் கயோட்டி நடமாடும் இடத்தில் உதவாது. ஐந்து மீட்டர் முன்னால் போகும் சிறிய நாயை நீங்கள் எட்டுவதற்குள் கயோட்டி எட்டிவிடும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய், பூனைகளுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடுவது மாகாணச் சட்டப்படி கட்டாயம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் இது பொருந்தும்.

வளவும் வேலியும்

வேலையைத் தரையிலிருந்து தொடங்குங்கள். உதிர்ந்த பேரிக்காய், அப்பிள், திராட்சையைப் பொறுக்கி எடுங்கள். பச்சைத் தொட்டியின் பூட்டைத் திருப்பி மூடுங்கள். கறிக்கழிவு போட்ட பையை இரவில் வெளியே விடாதீர்கள். பார்பிகியூ அடுப்பின் கொழுப்புத் தட்டைக் கழுவுங்கள். பூனைக்கும் நாய்க்கும் வீட்டுக்குள்ளேயே சாப்பாடு வையுங்கள். டெக்கின் அடியிலும் கொட்டிலின் அடியிலும் உள்ள பொந்துகளைக் கம்பிவலையால் அடைத்துவிடுங்கள். முதலில் உள்ளே எந்த விலங்கும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சாதாரண நான்கடி வேலி கயோட்டிக்கு ஒரு தடையே இல்லை. ஆறடி உயரம் வேண்டும். ரொறன்ரோவில் பின்வளவு வேலி பொதுவாக 2 மீட்டர்வரை அனுமதிக்கப்படுவதால் இது சட்டத்துக்குள் அடங்கும். கயோட்டி ஒரே தாவலில் பறந்து போவதில்லை. வேலியின் மேல் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி ஏறுகிறது. அந்த விளிம்பில் சுழலும் உருளைக் குழாயைப் பொருத்தினால் கால் வழுக்கி விழும். அடியில் தோண்டி நுழையாமலிருக்க, கம்பிவலையை வெளிப்பக்கமாக மடித்து ஓர் அடிக்கு மேல் மண்ணுக்குள் புதைக்கவேண்டும். அசைவைக் கண்டதும் எரியும் விளக்கு சில நாள் உதவும். பிறகு கயோட்டி அதற்குப் பழகிவிடும்.

எந்த வேலியும் கூட நிற்கும் ஆளுக்கு ஈடாகாது. "கதவைத் திறந்துவிட்டால் தானே போய்விட்டு வரும்" என்ற வசதிதான் பல சிறிய நாய்களின் உயிரைப் பறித்திருக்கிறது. அதிகாலையிலும் அந்தியிலும் இரவிலும் நாயை லீஷில் மாட்டி, கூடவே போய் நில்லுங்கள். பூனைக்குக் காற்றும் வெயிலும் வேண்டுமானால் யன்னலோடு சேர்ந்த கம்பிவலைக் கூடம் கட்டலாம். முயல், கோழிக் கூடுகளுக்கு மெல்லிய கோழிவலை போதாது. கனமான வெல்டிங் வலையும் பூட்டும் வேண்டும்.

நீங்கள் வாடகைக்கு இருப்பவரா? உடைந்த வேலியைப் பழுதுபார்ப்பதும் வளவைச் சட்டப்படியான நிலையில் வைத்திருப்பதும் ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. எழுத்தில் கேளுங்கள், படமும் தேதியும் வைத்திருங்கள். அவர் செய்யாவிட்டால் மாநகரசபையிடம் முறையிடலாம்.

எதிர்ப்பட்டால்

ஓடாதீர்கள். முதுகைக் காட்டாதீர்கள். சிறிய நாயை உடனே தூக்கிக்கொள்ளுங்கள். குழந்தை கூட இருந்தால் உங்களுக்கும் கயோட்டிக்கும் இடையில் வராதபடி அருகே இழுத்துப் பிடியுங்கள். கைகளை உயர்த்தி, உரத்த குரலில் அதட்டுங்கள். குடையைப் பட்டென்று விரிப்பது, விசில் ஊதுவது, சில்லறைக் காசு போட்ட தகரத்தைக் குலுக்குவது எல்லாம் வேலை செய்யும். அது கண்ணுக்கு மறையும்வரை விடாதீர்கள். பாதி தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும் கயோட்டியை அப்படியே விட்டுவிட்டால், மனிதர் வெறும் சத்தம்தான் என்று அது பழகிக்கொள்ளும். அது பின்வாங்க வழியிருக்கவேண்டும். மூலையில் அகப்பட்டதையோ காயமுற்றதையோ குட்டிகளோடு இருப்பதையோ விரட்டப் போகாதீர்கள்.

காலத்தையும் கவனியுங்கள். ஜனவரி முதல் மார்ச்வரை இணைசேரும் காலம். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் பிறக்கும். கோடை நடுப்பகுதிவரை பெற்றோர் குகையைக் காவல் காக்கும். அப்போது நாயோடு போகும் உங்களை ஒரு கயோட்டி இடைவெளிவிட்டுப் பின்தொடர்ந்தால், குகையை விட்டு உங்களை வெளியேற்றப் பார்க்கிறது என்று பொருள். நாயை ஒட்டிப் பிடித்து, முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே பின்வாங்கி, சில வாரங்களுக்கு வேறு பாதையில் நடங்கள்.

கடி பட்டால்

நாயின் உடலில் இரண்டு சிறிய துளைகள் மட்டுமே தெரியலாம். கவ்விக் குலுக்கியதில் உள்ளே தசையும் நுரையீரலும் நசுங்கியிருக்கக்கூடும். "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று விடியும்வரை காத்திருக்காமல் அவசர மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். முன்பு தடுப்பூசி போட்டிருந்தாலும் விசர்நோய்க்கு மேலதிக ஊசி தேவைப்படலாம். இரவில் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலையின் எண்ணை இன்றே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். செல்லப்பிராணிக் காப்புறுதி இருந்தால் விபத்துக் காயமும் அதில் அடங்குகிறதா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியரைப் பாருங்கள். விசர்நோய்ச் சிகிச்சை தேவையென்று முடிவானால் ஒன்ராறியோவில் அந்த மருந்துக்குக் கட்டணம் இல்லை.

தாக்குதலே நடக்காவிட்டாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தென் ஒன்ராறியோ கயோட்டிகளில் ஒருவகை நாடாப்புழு காணப்படுகிறது. எலியைத் தின்னும் நாய்க்கு அது தொற்றும். நாயின் மலம் வழியாக மனிதரின் ஈரலைப் பாதிக்கவும் கூடும். நாயை எலி பிடிக்க விடாதீர்கள். புழுமருந்து பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

யாரிடம் சொல்வது?

உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 911. காயமுற்ற, நோயுற்ற, மூர்க்கமாக நடக்கும் கயோட்டியைப் பற்றியும், யாராவது அவற்றுக்குத் தீனி போடுவதைப் பற்றியும் ரொறன்ரோவில் 311ஐக் கூப்பிடுங்கள். மற்ற நகரங்களில் அந்தந்த நகரசபையின் விலங்குச் சேவைப் பிரிவு உண்டு. வீதியைக் கடந்து போனதை மட்டும் சொன்னால் ஆள் அனுப்பமாட்டார்கள். இடம், நேரம், அது எவ்வளவு அருகில் வந்தது, நாய் லீஷில் இருந்ததா, விரட்டியபோது ஓடியதா, பக்கத்தில் உணவு கிடந்ததா என்ற விவரங்களோடு சொல்லுங்கள். ஒரே இடத்திலிருந்து இத்தகைய முறைப்பாடுகள் சேரும்போதுதான் மாநகரசபை நடவடிக்கை எடுக்க ஆதாரம் கிடைக்கும். தமிழில் பேசவேண்டுமானால் 311இல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

இவற்றில் எதையும் ஒரு வீடு தனியாகச் செய்து முடிக்க முடியாது. பத்து வீடுகள் தொட்டியைப் பூட்டி, பதினோராவது வீடு மட்டும் கோழி எலும்பை வேலியோரம் எறிந்தால், கயோட்டி அந்தத் தெருவைக் கைவிடாது. மாநகரசபைக்கு அழைக்கும் முன், தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள்: எங்கே கண்டீர்கள், எப்போது கண்டீர்கள், இந்த வாரம் எல்லோரும் வளவில் எதை அகற்றவேண்டும் என்று.