பிலிம் இல்லாமல் சினிமா படித்தார்கள்!

சினிமா எடுக்கப் பழக வேண்டும். ஆனால் பிலிம் இல்லை! என்ன செய்வது?

ருஷிய நாட்டின் மாஸ்கோ நகரில் 1919-ம் ஆண்டு அரசாங்க சினிமா பள்ளி தொடங்கியது. அப்போது அங்கே உள்நாட்டுப் போர். பிலிம் கிடைப்பது அரிதாக இருந்தது.

அங்கு பாடம் நடத்தியவர் லெவ் குலெஷோவ். 1899-ல் பிறந்த இளைஞர். அவருடைய மாணவர்கள் சோர்ந்துவிடவில்லை. எதிரே காமிரா இருப்பதாக எண்ணி, காட்சி காட்சியாக மேடையில் நடித்துப் பழகினார்கள்.

ஒரே முகம்!

படத் துண்டுகளை ஒட்டியும் சோதனை செய்தார்கள். ஒரு நடிகரின் சலனமற்ற முகம். அதோடு முதலில் சூப் கிண்ணத்தை ஒட்டினார்கள். பிறகு சவப்பெட்டியை, அடுத்து, விளையாடும் சிறுமியை. பார்த்தவர்கள் அந்த முகத்தில் யோசனையையும், துக்கத்தையும், மகிழ்ச்சியையும் கண்டு நடிப்பைப் புகழ்ந்தார்களாம்!

முகம் மாறவே இல்லை. பக்கத்தில் ஒட்டிய படம்தான் மாறியது. படத்தொகுப்பின் ரகசியம் இதுதான்!

1924-ல் இந்தக் குழுவினர் 'மிஸ்டர் வெஸ்ட்' பற்றிய நகைச்சுவைப் படத்தை எடுத்து முடித்தார்கள். அந்தச் சோதனையைப் பற்றி எழுதிய மாணவர் புடோவ்கின், 1926-ல் 'தாய்' படத்தை இயக்கி உலகப் புகழ் பெற்றார்!